பாதிதான் தெரியுது

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கண் சோதித்துப் பவர் சொல்வது அவள் வேலை. அதனால் சபையில் அவளுக்கு ‘கண்ணாடியக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட வாய் நிறைய அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் போதும், யாராவது மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, “இந்த ஸ்க்ரூ லூசாயிருக்கு, கொஞ்சம் பாரேன்” என்று நீட்டிவிடுவார்கள். அவளும் கைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படி யாருக்கோ முடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணி வந்து நின்றாள். அவளுடைய கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியும் அவள்தான்.

“மாசக் கடைசிக் கூட்டத்துல நீதான் பேசணும். குருடனுக்குப் பார்வை வந்த கதை. கண் விஷயம், உனக்குச் சொல்லியா தரணும்?”

“எந்தக் குருடன் அண்ணி? நற்செய்தியில நிறைய பேர் இருக்காங்களே.”

“ஆண்டவர் ரெண்டு தரம் தொட்டாரே, அவன்.”

“சரி அண்ணி.”

அவ்வளவுதான் பேச்சு. முன்பென்றால், “அப்போ சமையல்காரி யாராவது வந்தா அஞ்சு அப்பத்தப் பத்திப் பேசச் சொல்வீங்களா?” என்று அவள் மடக்கியிருப்பாள். அண்ணியும் விட்டுக்கொடுக்காமல் ஏதாவது சொல்லியிருப்பாள். இருவரும் சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இப்போது எதற்கெடுத்தாலும் ‘சரி அண்ணி’ மட்டும்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு பகலெல்லாம் கூட இருந்து பார்த்துக்கொண்டது அண்ணி. இவள் கடை முடிந்து மாலையில் வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய அன்று, அம்மாவின் அலமாரியை ஒழுங்குபண்ணலாம் என்று இவள் கதவைத் திறந்தாள். “வந்து பார்த்துட்டுப் போற விருந்தாளிக்கு இதெல்லாம் எதுக்கு?” என்றாள் அண்ணி. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூடத்தில் இருந்தார்கள். அந்தச் சொல் நெஞ்சில் போய்த் தைத்துக்கொண்டது. மாதக்கணக்கில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் இளைத்துப்போனான். கடைசியில் போதகர்தான் இருவரையும் கூப்பிட்டுப் பேசி, ஓர் ஆராதனை முடிவில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி ஜெபித்தார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பார்த்தவர்களும் அழுதார்கள். ஆண்டவர் ஒரு குடும்பத்தைக் குணமாக்கினார் என்று சபையில் சாட்சியே சொன்னார்கள்.

சண்டை போனது உண்மை. ஆனால் அதோடு கூடவே வேறு எதுவோ சேர்ந்து போய்விட்டது. அது என்னவென்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாட்சி சொல்லியாகிவிட்ட விஷயத்தை மறுபடி எப்படிக் கிளறுவது?

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் வேதத்தை விரித்துவைத்து அந்தப் பகுதியை வாசித்தாள். சின்னச் சம்பவம்தான். பார்வையில்லாத ஒருவனைச் சிலர் ஆண்டவரிடம் கூட்டிவந்து, தொடும்படி கேட்கிறார்கள். அவர் அவனுடைய கண்களில் உமிழ்ந்து, கையை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் நடமாடுகிற மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறான் அவன். மறுபடியும் கை வைக்கிறார். அப்புறம் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

இதற்கு முன்பும் எத்தனையோ தரம் வாசித்ததுதான். அன்று என்னவோ மீன்முள் போலத் தொண்டையில் நின்றது.

“ஏங்க,” என்றாள். கணவன் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மாலைச் சமையல் அவன் பொறுப்பு. “ஆண்டவர் இவனை மட்டும் ஏன் ரெண்டு தரம் தொட்டாரு?”

“முதல் தரம் கேஸ் பத்தலையோ என்னவோ.”

“விளையாடாதீங்க.”

“விளையாடல. நான் ஒரு வீட்டுல ஃப்ரிட்ஜ சரிபண்ணிட்டு, மறுநாளே திரும்பப் போய் நின்னா அந்த வீட்டம்மா என்ன சொல்லுவாங்க? வேலை தெரியாத ஆளும்பாங்க. ஆனா இவரு வேலை தெரியாதவரு இல்லையே. செத்தவனையே பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினவரு.”

“அதத்தானே நானும் கேக்கிறேன்.”

“எனக்கென்ன தெரியும்? பாஸ்டரக் கேளு.”

“சரி, இது சொல்லுங்க. மனுஷங்க மரம் மாதிரி தெரியறாங்கன்னு சொல்றானே, மரம் எப்படி இருக்கும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

கணவன் கத்தியைக் கீழே வைத்தான். “அட, ஆமா! அப்ப அவன் பிறவிக் குருடன் இல்ல. நடுவுல பார்வை போனவன்.”

“இல்லேன்னா தடவிப் பார்த்துத் தெரிஞ்சு வெச்சிருப்பான்.”

“முட்டிக்கிட்டும் தெரிஞ்சிருப்பான்” என்றான் அவன், புறங்கையால் கண்ணீரைத் துடைத்தபடி.

வெங்காயம் பாதியில் கிடந்தது. இருவரும் வெகுநேரம் அந்த மனிதனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த ஒருவனைப் பற்றிப் பேசுவது போல. ஆனால் அவளுக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அது அவளுடைய தொழிலோடு ஒட்டியது. வேறு யாரைக் குணமாக்கியபோதும், எப்படி இருக்கிறது என்று ஆண்டவர் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. இவனிடம் மட்டும் கேட்கிறார். நாள் முழுக்கக் கடையில் அவள் கேட்கிற அதே கேள்வி. அவள் கேட்பது தெரியாததால். அவர் ஏன் கேட்க வேண்டும்?

வாரநடுவில் ஜெபக்கூட்டம் முடிந்ததும் போதகரைப் பிடித்தாள். அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

“விசுவாசம் படிப்படியா வளரும்னு காட்டறதுக்குன்னு சொல்லுவாங்கம்மா. நானும் அப்படித்தான் பிரசங்கம் பண்ணியிருக்கேன்.”

“அது சரிதான் பாஸ்டர். ஆனா அவர் ஏன் கேட்டாரு? அவருக்குத் தெரியாதா, அவனுக்கு எவ்வளவு தெரியுதுன்னு?”

போதகர் சுருட்டிய பாயை மார்போடு அணைத்துக்கொண்டு யோசித்தார். “அதை நான் யோசிச்சதில்ல. உனக்கு ஏதாவது பிடிபட்டா எனக்கும் சொல்லு” என்றார். மனிதர் உண்மையாகத்தான் சொன்னார். அவளுக்கு அவர்மேல் மரியாதை கூடியதே தவிர, முள் இறங்கவில்லை.

அடுத்த நாள் கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். தெருமுனை சலூன்காரரும் அவர் மனைவியும். அவள் கணவன் முடி வெட்டிக்கொள்கிற சலூன்தான் அது. மனிதரைப் பார்த்தால் கைகூப்பி வணக்கம் வைக்கிற அளவுக்கு இவளுக்குப் பழக்கம். அவர் பதில் வணக்கம் சொல்லாமல் போகும்போதெல்லாம், கொஞ்சம் தலைக்கனம் போல என்று நினைத்துக்கொள்வாள்.

“இவருக்கு வாயே கிடையாது மேடம், நான்தான் சொல்லணும்” என்று மனைவி ஆரம்பித்தாள். “நேத்து ரோட்டுல நான் எதிர்ல வர்றேன், என்னைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்காரு. கட்டின பொண்டாட்டிய அடையாளம் தெரியல. கேட்டா, ஏதோ யோசனையில இருந்தேங்கிறாரு. இவரு என்னிக்கு யோசிச்சாரு?”

சலூன்காரர் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். அவரிடமிருந்து முகப்பவுடர் வாசனை வந்தது. வாழ்நாளில் இதுவரை கண்ணைக் காட்டியதே இல்லையாம்.

முதலில் மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தாள். திரையில் வந்த எண்ணைக் கண்டு அவளுக்கே திக்கென்றது. கண்ணின் முன்பக்கம் பந்து மாதிரி உருண்டையாக இருக்க வேண்டும். சிலருக்கு முட்டை மாதிரி ஒரு பக்கம் வளைவு கூடிவிடும். அவர்களுக்குப் பார்ப்பதெல்லாம் ஒரு திசையில் இழுத்து விட்டது போலத் தெரியும். இவருக்கு அது மிக அதிகமாக இருந்தது. இந்தக் கண்ணோடு எப்படி இத்தனை நாள் கத்தரி பிடித்தார்?

வட்டமான கனத்த சோதனைப் பிரேமை அவர் மூக்கில் மாட்டி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகத் தொடங்கினாள்.

“இது தெளிவா இருக்கா, இதுவா?”

“ரெண்டும் நல்லாத்தான் இருக்கு மேடம்.”

“இப்போ?”

“நல்லா தெரியுது.”

“அந்தக் கடைசி வரி தெரியுதான்னு கேளுங்க மேடம்!” என்று பின்னாலிருந்து மனைவி.

“தெரியுது, தெரியுது” என்றார் அவர் அவசரமாக.

எதைப் போட்டாலும் நன்றாக இருந்தது. வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிப் போட்டாள். அதுவும் நன்றாக இருந்தது. அவளுக்குச் சந்தேகம் தட்டியது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பவரே இல்லாத வெறும் கண்ணாடியைச் செருகினாள்.

“இப்போ எப்படி இருக்கு?”

“இதுதான் மேடம்! பிரமாதம்!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, மனைவியைப் பார்த்து, “அம்மா, நீங்க வெளிய போய் இவருக்கு எந்தப் பிரேம் பொருந்தும்னு பார்த்து வெக்கிறீங்களா?” என்றாள். அந்தம்மாவுக்கு அது பிடித்த வேலையாகத்தான் இருந்தது. உடனே எழுந்து போனாள். திரை விழுந்தது. சின்ன அறை, எழுத்துப் பலகையின் வெளிச்சம் மட்டும்.

அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆண்டவர் அந்தக் குருடனை அங்கேயே, கூட்டி வந்தவர்கள் நடுவில் வைத்துத் தொடவில்லை. கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துக்கொண்டு போனார். அந்த வரியை இதுவரை தாண்டித் தாண்டியே போயிருந்தாள்.

“ஐயா, கடைசியா நான் போட்டது வெறும் கண்ணாடி. அதுல ஒண்ணுமே இல்ல.”

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “கோவிச்சுக்காதீங்க மேடம்.”

“கோவமே இல்ல. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு. உண்மையாத்தான் கேக்கிறேன்.”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “நீங்க இவ்வளவு மெனக்கெட்டு மாத்தி மாத்திப் போடறீங்க. அப்பவும் தெரியலன்னு சொன்னா உங்க முகம் வாடிடும்ல?”

“என் முகம்தான் உங்களுக்குத் தெரியலையே!”

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவரே பேசினார். “எல்லாருமே அப்படித்தானே மேடம்? முடி வெட்டி முடிச்சதும் பின்னாடி ஒரு கண்ணாடியக் காட்டி, எப்படி சார் இருக்குன்னு கேப்பேன். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட நல்லா இல்லைன்னு சொன்னதில்ல. இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் சரியா வெட்டியிருப்பேன்னா நினைக்கிறீங்க?”

அவளுக்குக் கணவனின் கிருதா ஞாபகம் வந்தது. வலது பக்கம் எப்போதும் அரை விரல் மேலே ஏறியிருக்கும். அவன் தலை வாகு அப்படி என்று நினைத்திருந்தாள். ஒவ்வொரு தரமும் வீட்டுக்கு வந்து, “நல்லா வெட்டினாரு” என்றுதான் சொல்வான்.

“ஐயா, கேளுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். பாதிதான் தெரியுதுன்னா பாதின்னு சொல்லணும். நீங்க சொன்னாத்தான் அடுத்து எதைப் போடறதுன்னு எனக்குத் தெரியும்.”

“மெஷின்தான் சொல்லிடுச்சே மேடம்?”

“மெஷின் உங்க கண்ணப் பத்திச் சொல்லும். பார்க்கிறது நீங்கல்ல?”

சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் நின்றாள். போதகரிடம் கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டோமோ என்று ஒரு கணம் குழப்பமாக இருந்தது.

அப்புறம் வேலை நடந்தது. “மங்கல்” என்றார். “இது பரவால்ல, ஆனா எழுத்துக்கு வால் முளைச்ச மாதிரி இருக்கு” என்றார். “இது மோசம்” என்றார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ருசி கண்டவர் போலத் தாராளமாக. நடுவில் அவள் கேட்டாள்: “ரோட்டுல ஆளுங்க உங்களுக்கு எப்படித் தெரிவாங்க?”

“நெட்டையா மேடம். மேலயும் கீழயும் இழுத்து விட்ட மாதிரி. எல்லாரும் ஒரே மாதிரிதான். கம்பம் நடந்து வர்ற மாதிரி இருக்கும். குரல வெச்சுத்தான் யாருன்னு கண்டுபிடிப்பேன். பேசலேன்னா தெரியாது.”

அப்படியானால் அவள் பேசாமல் கைகூப்பியபோதெல்லாம் அவர் பார்த்தது ஒரு கம்பத்தை. தலைக்கனம் என்று நினைத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

கண்ணாடி தயாராகி வந்த அன்று மனைவியோடு வந்து மாட்டிக்கொண்டார். திரும்பி மனைவியைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

“இந்தத் தாடையில தழும்பு எப்ப வந்தது?”

“கல்யாண போட்டோவுலயே இருக்கு!” என்றாள் அந்தம்மா. கோபப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சில நாள் கழித்து, கடை நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில் சலூன்காரர் மறுபடி வந்தார். வாசலிலிருந்தே உரக்கச் சொன்னார்: “மேடம், சொல்லச் சொன்னீங்கள்ல, சொல்ல வந்திருக்கேன். சரியில்ல!”

கல்லாவில் இருந்த பெண் பதறிப்போய் இவளைப் பார்த்தாள். இவளோ பரிசு வாங்கினவள் மாதிரி முகமெல்லாம் மலர்ந்து, “வாங்க, வாங்க” என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

முகம் தெரிகிறதாம், எழுத்து தெரிகிறதாம். ஆனால் தரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வருகிறதாம். படி இறங்கும்போது கொக்கு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறதாம். அவள் பிரேமை உற்றுப் பார்த்தாள். அவருக்கு ஒரு காது மற்றதைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பவருக்கு அந்தச் சிறு சாய்வே போதும், உலகம் கோணலாகிவிடும். பிரேமின் காதுப் பகுதியைச் சூடுகாட்டி வளைத்து, நேராக்கி மாட்டினாள்.

“இப்போ?”

சலூன்காரர் எழுந்து அறைக்குள் நடந்து பார்த்தார். கால் இயல்பாக விழுந்தது. “கொஞ்சம் மிச்சம் இருக்கு” என்றார் யோசித்து.

“அது பழகப் பழகப் போயிடும். போகலேன்னா மறுபடி வரணும்.”

“வருவேன்” என்றார். அதை ஒரு மிரட்டல் மாதிரிச் சொன்னார். அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, நற்செய்தியில் வருகிற அந்த மனிதனை அவள் புதிதாகப் பார்த்தாள். இருட்டிலேயே கிடந்தவனுக்கு வெளிச்சம் வந்துவிட்டது. நிழலாகவாவது ஆட்கள் தெரிகிறார்கள். எதிரில் நிற்பவரோ ஊரே கொண்டாடுகிற பெரியவர். நல்லா தெரியுது ஆண்டவரே, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு அவன் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சபையில் சாட்சிகூடச் சொல்லியிருப்பான். வாழ்நாள் முழுக்க மரங்களோடு குடித்தனம் நடத்தியிருப்பான். ஆனால் அவன் அவருடைய முகத்துக்கு நேரே, தெரியுது ஆனா சரியாத் தெரியல என்றான். அவர் முகம் வாடவில்லை. மறுபடி கையை வைத்தார். கேட்டதே அதைச் சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்புத் தரத்தானோ?

இப்படி யோசித்துக்கொண்டே வந்தவள் ‘சாட்சி’ என்ற சொல் வந்த இடத்தில் நடையை நிறுத்தினாள். பின்னால் வந்தவர் மோதிக்கொள்ளப் பார்த்து முணுமுணுத்துவிட்டுப் போனார்.

அண்ணியின் முகம் கடைசியாக அவளுக்கு எப்போது தெளிவாகத் தெரிந்தது? அண்ணி இப்போது என்ன நினைக்கிறாள், எதற்குச் சிரிக்கிறாள், எதற்கு வருந்துகிறாள்? ஒன்றும் தெரியாது. ஓர் உருவம் வருகிறது, பேசுகிறது, போகிறது. இவளும் ‘சரி’ என்று சொல்லி அனுப்புகிறாள்.

அந்த இரவு ஜெபத்தில் வழக்கமான வார்த்தைகளை விட்டுவிட்டு, “ஆண்டவரே, அது பாதிதான் ஆச்சு” என்றாள். சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று கொஞ்சம் பயந்தாள். அப்புறம் நன்றாகத் தூங்கிவிட்டாள்.

கூட்டத்தன்று சீக்கிரமே போய்விட்டாள். அண்ணி சபைக் கூடத்தில் தனியாக மேசைவிரிப்பை நீவிக்கொண்டு, தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பேச்செல்லாம் தயாரா?”

“தயார் அண்ணி. ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?”

“இங்கயே சொல்லேன்.”

“இல்ல, வெளிய வாங்க.”

கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றார்கள். உடைந்த நாற்காலிகள் இரண்டு அங்கே சாத்திக் கிடந்தன.

“அண்ணி, போன வருஷம் பாஸ்டர் நமக்காக ஜெபம் பண்ணினாரே. எனக்கு அது பாதிதான் ஆச்சு. பொய் சொல்லக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

அண்ணி அவளையே பார்த்தாள். சட்டென்று, “எனக்கு அதுகூட ஆகல” என்றாள்.

முதலில் அண்ணியின் உதடு துடித்தது, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாதபடி. இவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. “அப்புறம் எதுக்கு அவ்வளவு அழுதீங்க?”

“நீ அழுதே, நானும் அழுதேன். எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க.”

பிறகு இவள் கேட்டாள். குற்றம் சாட்டக் கேட்கவில்லை. சலூன்காரரிடம் கேட்டது போலவே, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “அன்னிக்கு ஏன் அண்ணி என்னை விருந்தாளின்னு சொன்னீங்க?”

அண்ணி தொட்டிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். “ஒரு நாள் சாயங்காலம் நீ வந்தே. அத்தையைப் பார்க்க நாலு பேர் வந்து உட்கார்ந்திருந்தாங்க. நீ அத்தையோட கையை எடுத்துப் பார்த்துட்டு, நகம்கூடவா வெட்டி விடலன்னு கேட்டே. அன்னிக்கு மத்தியானம்தான் வெட்ட உட்கார்ந்தேன். கையைத் தொட்டாலே வலிக்குதுன்னு அழுதாங்க. அதனாலதான் விட்டேன்.”

“நான் அப்படிக் கேட்டேனா?”

“கேட்டே.”

“எனக்கு நினைவே இல்ல அண்ணி.”

“எனக்கு மறக்கவே இல்ல.”

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள். சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது.

“அது மட்டும் இல்ல. கடைசி நாள்லல்லாம் அத்தை உன் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாங்க. தண்ணி குடுத்தா உன் பேரு. துடைச்சு விட்டா உன் பேரு. நானும் ‘ம்’ கொட்டுவேன். நான் அவ இல்லன்னு ஒரு நாளும் சொல்லல. சொன்னா ஏங்கிப் போயிடுவாங்களேன்னு. பார்த்துக்கிறது நானு, பேரு உனக்கு. எனக்கு ஆத்திரமா வரும். செத்துப்போகப் போற மனுஷிமேல ஆத்திரப்படலாமா? அதான் உன்மேல பட்டேன்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பகல் நேரத்து அம்மாவை அவள் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை. மாலையில் வந்து பார்த்த அம்மா மட்டும்தான் அம்மா என்று இருந்துவிட்டாள். அம்மா அவளை அத்தனை தரம் கூப்பிட்டிருக்கிறாள். அத்தனை தரமும் அவளுக்குப் பதிலாக வேறொருத்தி ‘ம்’ கொட்டியிருக்கிறாள்.

“என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு என்ன கேப்பாங்க?”

“எல்லாம்தான். மழை வருதா பாரு, துணிய எடுத்துட்டியான்னு கேப்பாங்க. ஒரு நாள், உனக்குப் பசிக்கலையா, எந்நேரமும் என்கூடவே உட்கார்ந்திருக்கியேன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பசிக்கலம்மான்னு சொன்னேன். அத்தைன்னு சொல்லல. அம்மான்னுதான் சொன்னேன்.” அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் கட்டிக்கொள்ளவில்லை. அவள் அண்ணியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அண்ணியும் விடவில்லை. மெல்லிய சுருக்கங்கள், வலது கண்ணோரம் ஒரு மச்சம், அழுகையை அடக்கும்போது ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிற வாய். எல்லாம் பக்கத்தில் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது இருவருக்கும் தெரிந்தது. உள்ளேயிருந்து யாரோ, “தலைவியம்மா எங்க போனீங்க? டீ ஆறிப்போகுது!” என்று குரல் கொடுத்தார்கள்.

கூட்டத்தில் அவள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. சலூன்காரரின் கதையைப் பெயரும் தொழிலும் சொல்லாமல் சொன்னாள். வெறும் கண்ணாடியைப் பிரமாதம் என்றதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அந்தப் பார்வையில்லாதவனிடம் வந்தாள். “நாம ஜெபத்துல எப்பவும் நல்லா இருக்கு ஆண்டவரேன்னே சொல்றோம். அவர் முகம் வாடிடுமோன்னு பயப்படறோம் போல. வாடாது. பாதிதான் தெரியுதுன்னு சொன்னவனை அவர் நன்றிகெட்டவன்னு திட்டல. திரும்பவும் தொட்டாரு. எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான்” என்று சொல்லி உட்கார்ந்தாள்.

மூன்றாவது வரிசையில் இருந்த பள்ளிக்கூட டீச்சர் கையைத் தூக்கினார். “கடைசியில அவனை ஊருக்குள்ள போகாதேன்னு சொல்லி அனுப்பறாரே, அது ஏன்?”

அவள் வேதத்தைப் பார்த்தாள். ஆமாம், அப்படித்தான் இருந்தது. இத்தனை நாளும் அந்த வரியையும் தாண்டியே போயிருக்கிறாள்.

“தெரியல டீச்சர்” என்றாள். அப்படிச் சொல்வது இவ்வளவு இலேசாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கூட்டம் கலைகிறவரைக்கும் முடிவு ஏற்படவில்லை. வெளியே வந்தபோது அண்ணி கோப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். அண்ணியின் வீடு எதிர்த்திசையில் இருந்தது.

“அந்த ஊர்க்காரங்க தொல்லை தாங்காதுன்னுதான் போக வேண்டாம்னிருப்பாரு” என்றாள் அண்ணி. “வந்து நின்னு ஆளாளுக்கு விரலக் காட்டி, இது எத்தனை, இது எத்தனைன்னு கேப்பாங்க.”

“அதெல்லாம் இல்ல அண்ணி.”

“பின்ன எது? நீயே சொல்லேன், கண்ணாடியக்கா!”

“எனக்கு என்ன தோணுதுன்னா…” என்று அவள் ஆரம்பித்தாள். கூடையின் ஒரு காதை அவள் பிடித்துக்கொண்டாள், இன்னொரு காதை அண்ணி. கோப்பைகள் உரசிச் சத்தம் போட, இருவரும் வாதாடிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார்கள்.